யோசனைக்கும் ஒரு நேரம் வைப்போம்

"ஐயா, மூச்ச இழுத்து வுட்டா காணி திரும்பி வந்துருமாங்க?"

மண்சரிவின் பின்னர் சில குடும்பங்கள் தங்கியிருந்த பாடசாலை மண்டபம் ஒன்றில், மன ஆறுதலைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. அப்போது ஓர் அம்மா எழுந்து நின்று இப்படிக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. லயக் காம்பராவும், அதன் பின்புறம் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்த துண்டு நிலமும் ஒரே இரவில் மண்ணோடு போய்விட்ட ஒருவர் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி அது.

காணி வராது அம்மா என்றுதான் அன்று பதில் சொன்னோம். இன்றும் எங்கள் பதில் அதுதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் சொன்னோம். காணியையும் வீட்டையும் கேட்டு அலுவலகங்களுக்கு ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். அந்த நாள் வரும்வரை நீங்கள் உடைந்து போகாமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு வந்த பெருமழை நம் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மலையகத்துக்கு இது முதல் அடியல்ல. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நீண்டகாலம் காத்திருக்க நேர்ந்தது. மண் சரிவது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. காத்திருப்பு மாதங்களாகவும் வருடங்களாகவும் நீளுகிறது. மனதை அதிகம் அரிப்பது இந்தக் காத்திருப்புத்தான்.

பெரட்டு இல்லாத நாள்

தோட்டத்து வாழ்க்கை கஷ்டமான வாழ்க்கைதான். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியுமுன் அடுப்பு எரியும். பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிறகு மலை, கொழுந்து நிறுவை, பகல் சாப்பாடு, மீண்டும் மலை. மாலையில் வந்து மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர். இரவில் உடம்பு அலுத்துத் தூக்கம் தானாக வரும். இதை யாரும் ஒரு பழக்கம் என்று நினைத்ததில்லை.

இடம்பெயர்ந்ததும் முதலில் உடைவது இந்த ஒழுங்குதான். சாப்பாடு வரும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே விளக்கு. மம்பட்டி பிடித்த கை சும்மா இருக்கிறது. கை சும்மா இருக்கும்போது தலை வேலை செய்யத் தொடங்குகிறது. "யோசனை கூடிப்போச்சுங்க" என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைவு, பசியின்மை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுதல், நடு இரவில் விழிப்பு என்பன அந்த யோசனை உடம்பில் காட்டும் அடையாளங்கள்.

இதற்குக் காரணம் பலவீனமோ விசரோ அல்ல. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகும். அதிரினலின், கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்க வேண்டும். ஆனால் 'வீடு எப்போது?', 'கடன் எப்படி?', 'மறுபடி மழை வந்தால்?' என்று ஆபத்து தலைக்குள்ளேயே தங்கிவிட்டால் உடம்பும் அடங்குவதில்லை. ஓடுவதற்குத் தயாரான உடம்பைப் பாயில் உட்கார வைத்திருக்கிறோம். படபடப்பும் அலுப்பும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. உடைந்த நாளை மறுபடி கட்ட வேண்டும். வீடு கட்டிக் கொடுக்க யாரோ வர வேண்டியிருக்கலாம். நாளைக் கட்டிக்கொள்ள நாமே போதும்.

காலை: எழும் நேரத்தை விட்டுவிடாதீர்கள்

பெரட்டு இல்லாவிட்டாலும் பெரட்டு நேரத்தில் எழும்புங்கள். இரவு தூக்கம் வராத நாளிலும் அதே நேரத்தில் எழும்புவது முக்கியம். அப்படிச் செய்தால்தான் அடுத்த இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். முகம் கழுவி, தலை சீவி, பாயைச் சுருட்டி, உங்கள் மூலையைக் கூட்டுங்கள். மண்டபத்தில் பத்தடி இடம்தான் கிடைத்திருந்தாலும் அந்தப் பத்தடி உங்கள் வீடு.

பிறகு அரை மணி நேரம் நடவுங்கள். நடப்பதும் விறகு பொறுக்குவதும் தண்ணீர் எடுப்பதும், இறுகிய உடம்பு எதிர்பார்த்த ஓட்டத்தை அதற்குக் கொடுக்கின்றன. காலை வெளிச்சம் கண்ணில் படுவது, இரவில் எப்போது தூங்க வேண்டும் என்பதை உடம்புக்கு நினைவூட்டுகிறது. தனியாகப் போகாமல் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சும் கிடைக்கும்.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வளர்த்த இலைதான், ஆனால் அதற்கும் நேரம் உண்டு. தேயிலையில் உள்ள கஃபீனில் பாதியளவு உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் எடுக்கும். மாலை 6 மணிக்குக் கடுஞ்சாயம் குடித்தால் இரவு 11 மணிக்கும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. முகாமில் குளிருக்கும் பேச்சுக்குமாகக் குடிக்கும் நாலாவது ஐந்தாவது கோப்பைதான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. பின்னேரத்துக்குப் பிறகு இஞ்சித் தண்ணியோ கொத்தமல்லித் தண்ணியோ குடிக்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரத்தக் குறைவால் வரும் களைப்பையும் படபடப்பையும் பல பெண்கள் 'யோசனை' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு முறை இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

பகல்: கைக்கு மண் கொடுங்கள்

விவசாயிக்கு மண்ணைத் தொடாத நாள் நீண்ட நாள். காணி இல்லையென்றாலும் உரப்பை கிடைக்கும். பாதிப் பைக்கு மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, முள்ளங்கி, சலாது, கீரை, வல்லாரை என்று ஏதாவது போடுங்கள். முள்ளங்கி நம்முடைய குளிரிலும் ஒன்றரை மாதமளவில் கைக்கு வந்துவிடும். அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு ஆறு மாதமாகியும் பதில் வராமல் போகலாம். போட்ட விதை ஒரு வாரத்தில் பதில் சொல்லும். நாம் செய்தால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை போய்விட்ட மனதுக்கு அந்த முளை பெரிய மருந்து.

பையில் பயிர் செய்ய முடியாதவர்கள் வேறு வேலையை எடுத்துக்கொள்ளலாம். குடம் கழுவுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, கிழவர்களுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டுவது எல்லாமே வேலைதான். ஆண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். சமையலும் பிள்ளைகளும் இருப்பதால் பெண்களுக்கு முகாமிலும் வேலை ஓய்வதில்லை. காணியை இழந்த ஆண்களில் பலர் வாசலில் குந்தியிருந்தே நாளைக் கழிக்கிறார்கள். சாயங்காலம் கசிப்புக்கு வழி தொடங்குவது அந்த வாசலில்தான். பெண்களின் சுமையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

பிள்ளைகளுக்கும் இதே விதிதான். பாடசாலை நேரம், விளையாட்டு நேரம், படுக்கை நேரம் மூன்றும் மாறாமல் இருக்கட்டும். நடந்ததைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல், அவர்களுக்கு விளங்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பெரியவர்கள் மௌனமாக இருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே இன்னும் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

மாலை: யோசனைக்கு அரை மணி நேரம்

யோசிக்காதே என்று சொன்னால் யோசனை நிற்காது. ஆனால் அதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் குறித்துவிட முடியும். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் போர்க்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாள் முழுவதும் கவலைப்படுகிறவர்களை, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் மட்டும் கவலைப்படச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் அந்த அரை மணிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். கவலை குறைந்தது.

நம் நிலைக்கு இதை இப்படிச் செய்யலாம். விளக்கு வைக்குமுன் ஒரு நேரத்தைக் குறியுங்கள். குடும்பத்தில் பெரியவர்கள் ஒன்றாக இருங்கள். ஒரு கொப்பியை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் நம் கையில் இருப்பவை: கிராம உத்தியோகத்தரைச் சந்திப்பது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது, கடன்காரரிடம் தவணை கேட்பது. மறு பக்கத்தில் நம் கையில் இல்லாதவை: மழை, அரசாங்கத்தின் முடிவு, அடுத்தவர் பேச்சு. முதல் பக்கத்திலிருந்து நாளைக்கு ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். பிறகு கொப்பியை மூடுங்கள். இரவு 2 மணிக்கு யோசனை வந்து எழுப்பினால், "கொப்பியில் இருக்கிறாய், நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு அது கேட்காது. பிறகு மெல்ல மெல்லக் கேட்கும்.

இந்தக் கொப்பியால் இன்னொரு பயனும் உண்டு. எந்தத் திகதியில், எந்த அலுவலகத்தில், யாரைக் கண்டோம், என்ன சொன்னார்கள், எந்தக் கடிதத்தின் பிரதி நம்மிடம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். தோட்டத்து மக்களை "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். திகதியோடு எழுதி வைத்திருப்பவரை அவ்வளவு இலகுவில் திருப்பி அனுப்ப முடியாது.

பேச்சு: ஆபிரிக்கப் பாட்டிமாரின் வாங்கு

ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் ஷோனா மொழி பேசும் மக்களிடம் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்பது அதன் பொருள். நாம் 'யோசனை கூடிப்போச்சு' என்கிறோமே, அதேதான். அந்த நாட்டில் மனநல வைத்தியர்கள் மிகக் குறைவு. அதனால் டிக்சன் சிபண்டா என்ற வைத்தியர் 2006ஆம் ஆண்டளவில் தலைநகர் ஹராரேயில் ஒரு வழி கண்டார். அக்கம்பக்கத்துப் பாட்டிமார் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மர வாங்கைப் போட்டு உட்கார வைத்தார். யோசனை உள்ளவர் வந்து பக்கத்தில் உட்காருவார். பாட்டி புத்திமதி சொல்லமாட்டார். முதலில் கேட்பார். பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே சொல்ல வைப்பார்.

இதன் பலன் 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரிந்தது. 6 மாதத்தின் பின்னர், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்கில் உட்கார்ந்து பேசியவர்களில் 14 சதவீதமானவர்களுக்கு மட்டுமே இருந்தன.

வாங்கு போட நமக்குப் பணம் தேவையில்லை. பீலிக்கரையும் லயத்து இஸ்தோப்பும்தான் நம்முடைய வாங்காக இருந்தன. இடம்பெயர்ந்த இடத்திலும் ஒரு மூலையை அப்படி ஆக்கிக்கொள்ளுங்கள். அங்கே மூன்று விதிகள் போதும். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. "எனக்கு இதைவிட மோசம்" என்று ஒப்பிடக்கூடாது. அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது. உயிர் போகும் ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.

இரவு: பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

மண்சரிவைக் கண்டவருக்குக் கூரையில் மழை விழும் சத்தமே போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தைப் பழிக்க வேண்டாம். அது நம்மைக் காப்பாற்ற வந்த பயம். அதற்கு ஒரு வேலையைக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும்.

அடி முதல் வாய் வரை ஒரே அகலமான டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். அதில் சேரும் மழைத்தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் கலங்கல் ஊற்று, இறுகிப்போன கதவு இவற்றில் எதைக் கண்டாலும், அல்லது வெளியேறும்படி அறிவித்தாலும், டின்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலில் தொங்கவிடுங்கள். மழை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து விழித்திருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

படபடப்பு ஏறும்போது இரண்டு சிறு காரியங்கள் உதவும். ஒன்று, கால் ஊன்றுதல். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, கண்ணில் படும் 5 பொருட்களின் பெயரைச் சொல்லி, காதில் கேட்கும் சத்தங்களைக் கவனியுங்கள். நடந்து முடிந்ததற்குள் இழுபட்டுப்போன மனம், இப்போது இருக்கும் இடத்துக்குத் திரும்பும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு பயிற்சியில் இதுவும் அடங்கும். உகண்டாவில் அடைக்கலம் புகுந்த தென் சூடான் பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய துன்பம் தீரவில்லை, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது.

மற்றது, அந்த அம்மா கேட்ட மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் 5 நிமிடம் போதும். வேகமாக அடிக்கும் இதயத்தை அது அடக்கும். இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. செபமாலை சொல்லும்போதும் மந்திரம் ஓதும்போதும் மூச்சு தானாகவே ஏறக்குறைய இந்த அளவுக்கு இறங்குவதை அதில் கண்டார்கள். ஆகவே எண்ணத் தெரியாத பாட்டிக்கும் இந்தப் பழக்கம் முன்பே கைவந்ததுதான். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.

சாராயத்தையும் கசிப்பையும் தூக்க மருந்தாக நினைக்க வேண்டாம். படுத்ததும் தூக்கம் வருவது உண்மை. ஆனால் நடு இரவில் அது எழுப்பிவிடும். அடுத்த நாள் படபடப்பு இன்னும் கூடும். கையில் இருந்த நிவாரணக் காசும் போய்விடும்.

போத்தலைத் தூரத்தில் வையுங்கள்

சொல்லக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்தடிக்கும் நஞ்சை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இலங்கையில் 1995ஆம் ஆண்டு 100,000 பேருக்கு சுமார் 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. 2005இல் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முக்கிய காரணம், மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததுதான். அதனால் விளைச்சல் குறைந்ததாகவும் தெரியவில்லை. வேதனையின் உச்சம் பல நேரங்களில் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஒரு உயிர் மிஞ்சுகிறது. தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைக் குடும்பங்கள் தங்கும் இடத்துக்கு வெளியே, பொறுப்பான ஒருவரின் பூட்டுக்குள் வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாவிட்டால், எழும்பவே முடியாத சோர்வு இருந்தால், செத்தால் தேவலை என்ற பேச்சு வந்தால், அது பழக்கங்களால் மட்டும் தீரும் நிலையல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக விடாதீர்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. எந்த நேரமும் பேசலாம். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. இதிலும் இல்லை.

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்க வேண்டாம். ஒன்றைத் தொடங்குங்கள். எழும் நேரமோ, ஒரு உரப்பை முள்ளங்கியோ, மாலைக் கொப்பியோ எதுவானாலும் சரி. அது பழகிய பின் அடுத்ததைப் பார்க்கலாம்.

கேள்வி கேட்ட அந்த அம்மா கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்தார். "மூச்செல்லாம் சரிங்க, அந்தக் கொப்பி கணக்கு மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னோம். பிள்ளையின் பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒரு கோடு இழுத்தார். கையில் இருப்பவை பக்கத்தில் முதலாவதாக அவர் எழுதச் சொன்னது: "காணிக்குக் கடிதம்."